கேள்வி – பதில்: இணையவழி ஆசிரியரின் தொழிலறம்

இணையவழியிலும் தொலைநிலைக் கல்வியிலும் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், தம் பணியில் எது முறை, எது முறையன்று என்று கேட்டு எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம், எழுதியவர்களின் பணிநிலையைக் கருதிப் பெயர்களை வெளியிடவில்லை. வந்தவற்றுள் மாணவர் எழுதியது ஒன்றே ஒன்று. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: தொலைநிலைக் கல்வியில் முதுகலை படிக்கிறேன். ஒப்படைப்புகளைக் குறித்த நாளுக்குள் அனுப்பிவிடுகிறேன். அவை திருத்தப்பட்டுத் திரும்பி வருவதற்குள் பருவத் தேர்வே முடிந்துவிடுகிறது. வந்த தாளிலும் ‘நன்று’, ‘இன்னும் விரிவாக எழுதலாம்’ என்பதற்கு மேல் எதுவும் இல்லை. இதைப் பற்றிக் கேட்பது ஆசிரியரை அவமதிப்பதாகுமா?

பதில்: ஆகாது. திருத்திய தாளை உரிய காலத்தில் பெறுவது, ஆசிரியர் மனமிரங்கித் தரும் சலுகையன்று. நீங்கள் சேர்ந்திருக்கும் கல்விமுறையின் அடிப்படையே அதுதான். 1840-இல் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்து ஐசக் பிட்மன் தமது சுருக்கெழுத்தை அஞ்சல்வழியே கற்பிக்கத் தொடங்கியபோது, பாடத்தை அனுப்புவதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. மாணவர்கள் விவிலியப் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்பினார்கள். அவர் பிழை திருத்தித் திருப்பி அனுப்பினார். அஞ்சலில் பாடம் அனுப்புவதாக அவருக்கு முன்பே விளம்பரம் செய்தவர்கள் உண்டு. ஆயினும் தொலைநிலைக் கல்வியின் வரலாறு பெரும்பாலும் பிட்மனின் பெயரோடு தொடங்குவதற்குக் காரணம், அவரிடமிருந்து பாடம் போனது மட்டுமன்றித் திருத்தமும் திரும்பிப் போனதுதான்.

வகுப்பறையில் பயிலும் மாணவர், ஆசிரியரின் முகக்குறிப்பிலிருந்தும், பக்கத்தில் இருப்பவர் சொல்லும் விடையிலிருந்தும், வகுப்பு முடிந்தபின் வாசலில் நின்று பேசும் இரண்டு நிமிடங்களிலிருந்தும் தாம் எங்கே நிற்கிறோம் என்பதை ஓரளவு தெரிந்துகொள்கிறார். தொலைநிலை மாணவருக்கு இவற்றுள் ஒன்றும் கிடையாது. ஒப்படைப்பின் ஓரத்தில் ஆசிரியர் எழுதும் நான்கு வரிகளே அவருக்கு இவை எல்லாமும் ஆகின்றன. இத்துறையின் கோட்பாட்டாளர்களுள் ஒருவரான மைக்கேல் மூர், தொலைநிலைக் கல்வியில் ‘தொலைவு’ என்பது கிலோமீட்டர் கணக்கன்று, ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே நடக்கும் உரையாடல் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு கூடுவது என்று விளக்கினார். அந்த அளவுகோலின்படி, ஒரே ஊரில் இருந்துகொண்டு தாளை நான்கு மாதம் மேசையில் வைத்திருக்கும் ஆசிரியர், கடல்கடந்து இருந்து பத்து நாளில் திருத்தி அனுப்புபவரைவிடத் தொலைவில் இருக்கிறார்.

எனினும் முழுப் பழியையும் ஆசிரியர்மீது சுமத்துவது நியாயமாகாது. இந்தத் துறையில் திருத்தும் வேலையில் பெரும்பகுதியைச் செய்பவர்கள், தாளுக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறும் பகுதிநேர ஆசிரியர்கள். ஒரு தாளைக் கவனமாகப் படித்துக் குறிப்பெழுத அரைமணி நேரம் ஆகும் என்றால், ஐந்து நிமிடத்துக்கான ஊதியத்தைக் கொடுத்துவிட்டு அரைமணி நேர உழைப்பை எதிர்பார்க்கும் நிறுவனம்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். ஆனாலும், முடியாது என்று தெரிந்தே இருநூறு தாள்களை வாங்கிக்கொள்வது ஆசிரியரின் முடிவு. அந்த இடத்தில் அவரது பொறுப்பு தொடங்கிவிடுகிறது. 1969-இல் நிறுவப்பட்ட பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், ஆசிரியர் திருத்திய தாள்களில் சிலவற்றை எடுத்து, மதிப்பெண் பொருந்துகிறதா, எழுதிய குறிப்பு மாணவருக்கு எதையாவது கற்றுத் தருகிறதா என்று மற்றோர் ஆசிரியர் பார்க்கும் நடைமுறை உண்டு. திருத்துவதும் கற்பித்தலே என்று ஒரு நிறுவனம் உண்மையிலேயே நம்பினால் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

நீங்கள் செய்யக்கூடியது இது. ‘தாமதம்’ என்று பொதுவாகக் குறைகூறாமல், எந்த ஒப்படைப்பு, எந்த நாளில் அனுப்பியது, அடுத்த தேர்வு எப்போது என்பவற்றைக் குறித்து, அதில் உங்களுக்கு ஐயமுள்ள ஒரு பத்தியைச் சுட்டி, ‘இந்த இடத்தில் என் வாதம் சரியா?’ என்று கேட்டு எழுதுங்கள். குறிப்பான கேள்விக்குக் குறிப்பான பதில் எழுதுவது எளிது. அதற்கும் பதில் வராவிட்டால் பாட ஒருங்கிணைப்பாளருக்கு எழுதத் தயங்க வேண்டாம்.

கேள்வி: இணையவழிப் பட்டப்படிப்பில் ஆங்கிலம் நடத்துகிறேன். ஒரு மாணவியின் கட்டுரையை, இயந்திரம் எழுதியதா என்று கண்டறியும் மென்பொருளில் இட்டபோது, 92 விழுக்காடு செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டது என்று காட்டியது. தாமே எழுதியதாக அவர் உறுதியாகச் சொல்கிறார். நிறுவனத்தின் விதிப்படி பூஜ்யம் போட எனக்கு அதிகாரம் உண்டு. போடலாமா?

பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு போடக் கூடாது. அந்த 92 என்பது, மாணவி ஏமாற்றியிருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு என்று பொருள்படாது. இத்தகைய மென்பொருள்கள், ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்பதை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்பது போன்ற அடையாளங்களைக் கொண்டே கணிக்கின்றன. எளிதில் ஊகிக்க முடிகிற நடை இயந்திரத்துக்கு மட்டும் உரியதன்று. ஒரு மொழியைப் பள்ளியில் இரண்டாம் மொழியாகக் கற்று, தெரிந்த சொற்களையும் பிழைவராது என்று நம்பும் வாக்கிய அமைப்புகளையும் மட்டுமே பயன்படுத்தும் கவனமான மாணவரின் நடையும் அப்படித்தான் இருக்கும். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் இப்படிப்பட்ட ஏழு மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை அவற்றில் இட்டபோது, சராசரியாக 61 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று தவறாகக் குறிக்கப்பட்டன. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளிலோ இந்தப் பிழை மிகக் குறைவாகவே இருந்தது. உங்கள் மாணவி இந்த இரண்டில் எந்தப் பக்கம் இருக்கிறார் என்பதை நீங்களே அறிவீர்கள்.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டு, அதன் துல்லியம் போதவில்லை என்று சொல்லி அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அமெரிக்காவின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் எழுத்துத் திருட்டைக் கண்டறியும் ‘டர்னிட்டின்’ என்ற மென்பொருளில் இருந்த இத்தகைய வசதியை நிறுத்தியபோது ஓர் எளிய கணக்கைச் சொன்னது: முந்தைய ஆண்டு அந்த மென்பொருளுக்கு அங்கிருந்து சென்றவை 75,000 தாள்கள், நூற்றுக்கு ஒன்று தவறினால்கூட, ஏறத்தாழ 750 தாள்கள்மீது பொய்ப்பழி விழும். மென்பொருளின் பார்வையில் ஒரு விழுக்காடு சிறிய எண்தான். அந்த 750 பேருள் ஒருவருக்கு அது அவருடைய படிப்பு.

நேரடி வகுப்பாயிருந்தால் அந்த மாணவியின் எழுத்தைப் பல மாதங்கள் பார்த்துப் பழகியிருப்பீர்கள். ஐயம் வந்தவுடன் அழைத்துப் பேசியிருப்பீர்கள். இணையவழியில் அந்தப் பழக்கம் இல்லாததால்தான் மென்பொருளின் எண்ணைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளும் ஆசை நமக்கு வருகிறது. அவரைத் தெரியாது என்பதே அவரைத் தண்டிப்பதற்குக் காரணமாகிவிடக் கூடாது. பதினைந்து நிமிடம் ஒதுக்கிக் குரல்வழியோ காணொலிவழியோ பேசுங்கள். ‘நீ எழுதினாயா?’ என்று கேட்காமல், இந்த மேற்கோளை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், மூன்றாம் பத்தியில் சொன்னதற்கு மறுப்பு என்னவாக இருக்கலாம் என்று கட்டுரைக்குள் நின்று கேளுங்கள். கட்டுரையின் முந்தைய வரைவுகளோ, கோப்பின் திருத்த வரலாறோ இருந்தால் காட்டச் சொல்லலாம். உரையாடலுக்குப் பின்னும் ஐயம் நீடித்தால், அதே அளவுள்ள வேறொரு பணியைக் கொடுங்கள். முடிவை நீங்கள் ஒருவரே எடுக்காமல், மாணவி தம் தரப்பைச் சொல்ல வாய்ப்புள்ள குழுவிடம் விடுவது இன்னும் நல்லது. ஓர் எச்சரிக்கை: சந்தேகப்பட்ட கட்டுரையைச் சாட்ஜிபிடியிடமே கொடுத்து, ‘இதை நீயா எழுதினாய்?’ என்று கேட்டு அது ‘ஆம்’ என்றதை நம்பியவர்கள் இருக்கிறார்கள். தான் முன்பு எழுதியதை அடையாளம் காணும் ஆற்றல் அந்தக் கருவிக்கு இல்லை. எதைக் கொடுத்துக் கேட்டாலும் இணங்கிப் போகக்கூடியது அது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. மாணவியின் கட்டுரையை, அவரிடம் தெரிவிக்காமல், நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொள்ளாத ஏதோ ஓர் இணையதளத்தில் இட்டிருந்தால், அவருடைய எழுத்தையும் ஒருவேளை அவருடைய பெயரையும் மூன்றாம் ஆளிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். அதே போல, திருத்தும் வேலையைச் செயற்கை நுண்ணறிவிடம் தந்துவிட்டு அதன் குறிப்புகளைத் தம் கையெழுத்தின்கீழ் அனுப்பும் ஆசிரியர்களும் பெருகிவருகிறார்கள். மாணவர் மறைத்துப் பயன்படுத்தினால் குற்றம், ஆசிரியர் மறைத்துப் பயன்படுத்தினால் திறமை என்று கொள்ள முடியாது. பயன்படுத்துவீர்களாயின் எதற்கு, எந்த அளவுக்கு என்று பருவத்தின் தொடக்கத்திலேயே எழுதித் தெரிவித்துவிடுங்கள். மதிப்பெண்ணை மட்டும் நீங்களே படித்துப் போடுங்கள்.

கேள்வி: என் வகுப்பில் நாற்பது பேர். நாற்பது கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். கேமராவைக் கட்டாயமாக்கினால் தவறா? தேர்வின்போது மாணவர் தம் அறையைக் கேமராவில் சுற்றிக் காட்ட வேண்டும் என்று நிர்வாகம் சொல்கிறது. அதையும் நான்தான் செய்விக்க வேண்டும்.

பதில்: கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசுவதன் சலிப்பைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மாணவர் வகுப்பறைக்கு வருவதும், ஆசிரியர் மாணவரின் வீட்டுக்குள் வருவதும் ஒன்றல்ல. கேமராவைத் திறக்கச் சொல்லும்போது நீங்கள் கேட்பது அவருடைய முகத்தை மட்டுமன்று. பின்னால் தெரியும் சுவரையும், நடமாடும் உறவினரையும், ஒரே அறையில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்தே கேட்கிறீர்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், கேமராவை மூடி வைப்பதற்கு மாணவர்கள் சொன்ன காரணங்களுள் முதன்மையானது தம் தோற்றம் பற்றிய கூச்சம். பின்னணியில் பிறர் தெரிவதும், இணைப்பு வலுவின்றி இருப்பதும் அவற்றைத் தொடர்ந்தன. சோம்பல், அலட்சியம் என்று நாம் எடுத்துக்கொள்வதில் எவ்வளவு பகுதி வெட்கமாக இருக்கிறது என்பதை அந்த ஆய்வு காட்டியது. கட்டாயப்படுத்த வேண்டாம், ஊக்கப்படுத்துங்கள் என்பதே அவர்களுடைய பரிந்துரை.

மாணவர் கவனிக்கிறாரா என்று அறிவது உங்கள் நோக்கமானால் அதற்கு முகம் தேவையில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு கேள்வி கேட்டு எழுத்தில் விடை வாங்கலாம். நான்கு நான்கு பேராகப் பிரித்துப் பேசவிடலாம். வகுப்பு முடியும்போது புரியாத ஒன்றை எழுதி அனுப்பச் சொல்லலாம். வாய்மொழித் தேர்வு, மொழிப் பயிற்சி, கைவேலைச் செய்முறை போன்றவற்றில் பார்த்தே ஆகவேண்டிய நேரங்கள் உண்டு. அவற்றுக்கு மட்டும் முன்கூட்டியே நாளும் காரணமும் சொல்லி, பின்னணியை மறைக்கும் வழியையும் கற்றுக்கொடுத்து, இயலாதவருக்கு மாற்று வழியும் வைத்துக் கேட்டால் பெரும்பாலோர் மறுப்பதில்லை.

அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வது இதைவிடக் கடுமையான விஷயம். அமெரிக்காவின் ஒஹாயோவில், க்ளீவ்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், வேதியியல் தேர்வுக்கு முன் தம் படுக்கையறையைக் கேமராவில் காட்டச் சொன்னதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அது நியாயமற்ற சோதனை என்றும், அந்நாட்டு அரசமைப்பின் நான்காம் திருத்தத்துக்கு முரணானது என்றும் 2022 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு அந்த நாட்டு அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றைப் பற்றியது. உங்கள் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் பின்னுள்ள கேள்வி எல்லா நாட்டுக்கும் உரியது: ஒரு தேர்வின் நேர்மையைக் காக்க ஒருவருடைய படுக்கையறையைப் பார்ப்பது தேவைதானா, வேறு வழி இருந்ததா? புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதும்படி வினாத்தாளை அமைத்தால், அறையில் என்ன இருக்கிறது என்று தேட வேண்டிய தேவையே பெருமளவு நீங்கிவிடும். அப்படி ஒரு வினாத்தாள் தயாரிப்பது கடினம் என்பது உண்மை. அந்தக் கடினத்தை நாம் ஏற்காததால்தான் அதை மாணவரின் வீட்டுக்குள் தள்ளிவிடுகிறோம். நிர்வாகத்திடம் எதிர்ப்பை எழுத்தில் தெரிவியுங்கள். அதனுடன் மாற்று வினாத்தாள் ஒன்றையும் இணைத்துக் கொடுங்கள். மறுப்பு மட்டும் கொண்டு போகும் ஆசிரியரை எந்த நிர்வாகமும் எளிதில் கடந்துவிடும்.

கேள்வி: பாடத்துக்கு உதவும் இலவசச் செயலி ஒன்றை மாணவர்களைப் பதிவிறக்கச் சொல்லலாமா? அவர்கள் பள்ளிச் சிறார்.

பதில்: நிறுவனம் ஆராய்ந்து ஒப்புதல் அளித்ததாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2022-இல் வெளியிட்ட அறிக்கை, அவற்றுள் 89 விழுக்காடு சிறுவர்களின் உரிமையை மீறியோ மீறக்கூடிய வகையிலோ தரவுகளைக் கையாண்டதாகக் கண்டது. அரசுகளின் பட்டியலிலேயே நிலைமை இதுவென்றால், நண்பர் சொன்னார் என்று நாம் பரிந்துரைப்பதன் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் ‘பதிவிறக்கிக்கொள்ளுங்கள்’ என்றால் சிறுவருக்கு அது ஆணை. மறுக்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை.

கேள்வி: ஒரு கல்வி நிறுவனத்தில் ஒப்பந்த அடிப்படையில் இணைய வகுப்புகள் நடத்தி, இரண்டாண்டுக்குமுன் விலகினேன். என் பதிவுகளை இன்றும் புதிய மாணவர்களுக்குக் காட்டுகிறார்கள். ஆசிரியர் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. எனக்கு எந்தத் தொகையும் வருவதில்லை.

பதில்: உங்களுக்கு வரவேண்டிய தொகையை நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் முடிவு செய்யும், அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பதிவுகளின் உரிமை முழுவதையும் நிறுவனத்துக்கே எழுதிக் கொடுக்கும் வாசகங்கள் இத்தகைய ஒப்பந்தங்களில் சாதாரணமாகக் காணப்படுகின்றன என்பதையும், பலர் அவற்றைப் படிக்காமலேயே கையெழுத்திடுகிறார்கள் என்பதையும் மட்டும் சொல்லிவைக்கிறேன்.

என்னை அதிகம் உறுத்துவது பட்டியலில் உள்ள பெயர். கனடாவின் கன்கார்டியா பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படித்த மாணவர் ஒருவர், 2021-இன் தொடக்கத்தில், காணொலிகளில் பாடம் நடத்திய பேராசிரியரின் விரிவுரை பிடித்துப்போய் அவருக்கு எழுத எண்ணி, மின்னஞ்சல் முகவரியைத் தேடினார். கிடைத்தது இரங்கல் செய்தி. ஃபிரான்சுவா-மார்க் கான்யோன் என்ற அந்தப் பேராசிரியர் 2019-இலேயே காலமாகியிருந்தார். பாடத்தை நடத்தும் பொறுப்பு வேறோர் ஆசிரியரிடம் இருந்தது. விதிமீறல் எதுவும் இல்லை என்றுகூடச் சொல்லலாம். ஆயினும் யாரிடம் படிக்கிறோம் என்பதை மாணவர் அப்படித் தெரிந்துகொள்ள நேர்ந்ததில் ஒரு நேர்மைக்குறைவு இருக்கத்தான் செய்கிறது. நல்ல விரிவுரையைப் பாதுகாத்து மீண்டும் பயன்படுத்துவதில் தவறில்லை. நூலகங்கள் செய்வதும் அதுவே. இது எந்த ஆண்டின் பதிவு, பேசுபவர் இப்போது இங்கே பணியாற்றுகிறாரா, ஐயம் கேட்க வேண்டியவர் யார் என்ற மூன்றையும் காணொலிக்கு அருகில் எழுதிவைத்தால் போதும். உங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி எழுதும்போது இந்தக் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். தொகையைக் கேட்பது உங்கள் உரிமை; பெயரை நீக்கச் சொல்வது, உங்களிடம் கேள்வி கேட்கலாம் என்று நம்பிக் கட்டணம் செலுத்தும் மாணவர்களுக்கு நீங்கள் செய்ய வேண்டிய கடமை.

அந்தப் பதிவுகளில் பழைய மாணவர்களின் குரலும் முகமும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். தம்முடன் படிப்பவர்கள் முன்னிலையில் தவறான விடை சொல்ல ஒப்புக்கொண்டவர், ஐந்தாண்டுக்குப் பின் வரும் முன்பின் தெரியாதவர்கள் முன்னிலையிலும் அதைச் சொல்ல ஒப்புக்கொண்டார் என்று கருத முடியாது.

கேள்வி: ‘மாதிரி ஒப்படைப்புகள்’ எழுதித் தரச் சொல்லி ஒரு முகமை அணுகியிருக்கிறது. நான் பணியாற்றாத வேறு பல்கலைக்கழகங்களின் மாணவர்களுக்குத்தான். ஊதியம் நன்றாக இருக்கிறது.

பதில்: வேண்டாம். ஒரு குறிப்பிட்ட மாணவருக்குத் தரப்பட்ட குறிப்பிட்ட கேள்விக்கு, அவருடைய கெடுத் தேதிக்குள் எழுதித் தரப்படுவது மாதிரி அன்று. அவருக்குப் பதில் நீங்கள் எழுதும் தேர்வு. இத்தகைய சேவைகளுக்கு எதிராக நியூசிலாந்து 2011-இலும், அயர்லாந்து 2019-இலும், ஆஸ்திரேலியா 2020-இலும், இங்கிலாந்து 2022-இலும் சட்டம் இயற்றியிருக்கின்றன. சட்டம் இல்லாத இடத்திலும் நிலைமை மாறுவதில்லை. முகமைகள் ஆசிரியர்களைத் தேடுவதற்குக் காரணம், திருத்துபவரின் கண்ணுக்கு எது தப்பும் என்று ஆசிரியருக்குத் தெரியும் என்பதே. அவர்கள் விலைக்கு வாங்குவது உங்கள் பாட அறிவை மட்டுமன்று.

கேள்வி: மாணவர்கள் நள்ளிரவிலும் வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள். பதில் சொல்லாவிட்டால் ஈடுபாடற்றவர் என்கிறார்கள். ஒரு மாணவர் தமது குடும்பத் துன்பங்களையும் எழுதத் தொடங்கியிருக்கிறார்.

பதில்: எந்த நேரத்துக்குள் எழுதினால் எப்போது பதில் வரும் என்பதைப் பருவத் தொடக்கத்தில் அறிவித்து, அதைத் தவறாமல் காப்பாற்றுங்கள். பகலில் வேலைக்குப் போய் இரவில் படிப்பவர்கள் தொலைநிலைக் கல்வியில் ஏராளம். அவர்கள் நள்ளிரவில் எழுதுவது இயல்பு, நீங்கள் காலையில் பதில் சொல்வதும் இயல்பு. இரவு இரண்டு மணிக்குப் பதில் அனுப்பும் ஆசிரியர் நல்லவராகத் தோன்றினாலும், அடுத்த வாரம் அப்படிச் செய்ய இயலாதபோது மாணவர் கைவிடப்பட்டதாக உணர்கிறார். உங்கள் தனிப்பட்ட எண்ணைவிட நிறுவனம் வழங்கும் தளத்திலேயே உரையாடல் நடப்பது இருதரப்புக்கும் பாதுகாப்பு.

துன்பத்தை எழுதும் மாணவரிடம், ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் வாக்களித்துவிடாதீர்கள். கேளுங்கள், நம்புங்கள், ஆலோசகரிடம் சேர்த்துவிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றும் ஒரு வரி இருந்தாலும் காலைவரை காத்திராமல் அன்றே நிறுவனத்துக்கும் உதவி அமைப்புக்கும் தெரிவியுங்கள். மேலே சொன்ன நேரக் கட்டுப்பாடு அப்போது பொருந்தாது.

கேள்வி: சேர்க்கைக் காலத்தில், விண்ணப்பிக்க நினைப்பவர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசச் சொல்கிறார்கள். ‘இந்தப் படிப்பை எத்தனை பேர் முடிக்கிறார்கள்?’ என்று கேட்டால் பேச்சை மாற்றும்படி எங்களுக்கு அறிவுறுத்தப்பட்டிருக்கிறது.

பதில்: இது இத்துறையின் மிகப் பழைய நோய். இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க அஞ்சல்வழிப் பள்ளிகள் பல, திருப்பித் தரப்படாத கட்டணத்தை முன்னதாகவே வாங்கிக்கொண்டு, மாணவர்கள் பாதியில் நின்றுவிடுவதாலேயே ஆதாயம் கண்டன. நின்றுவிட்டவரின் தாளைத் திருத்த வேண்டியதில்லை, அவருக்கு ஆசிரியர் தேவையில்லை, கட்டணமோ ஏற்கெனவே வந்துவிட்டது. ‘இடைநின்றோர் பணம்’ என்று பொருள்படும் ஒரு தனி வழக்கே அந்த வட்டாரத்தில் இருந்தது. புகழ்பெற்ற எழுத்தாளர்கள் உங்கள் எழுத்தைக் கவனிப்பார்கள் என்ற எண்ணத்தை ஏற்படுத்தும்படி விளம்பரம் செய்த ஒரு பள்ளி, அந்தப் பிரமுகர்கள் மாணவர் தாள்களைத் தொடுவதே இல்லை என்பதை 1970-இல் ஜெசிக்கா மிட்ஃபர்ட் என்ற பத்திரிகையாளர் எழுதிய பிறகு, வெகுவிரைவில் நொடித்துப்போனது.

முடிப்போர் விகிதம் குறைவாக இருப்பது மட்டுமே ஒரு படிப்பை மோசடியாக்கிவிடாது. ஹார்வர்டும் எம்ஐடியும் வழங்கிய திறந்த இணையப் பாடங்களை ஆராய்ந்து 2019-இல் சயன்ஸ் இதழில் வெளியான கட்டுரையின்படி, 2017–18-இல் பதிவு செய்தவர்களுள் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்குச் சற்று மேல். கட்டணம் செலுத்திச் சான்றிதழுக்குப் பதிந்தவர்களிடையே அது 46 விழுக்காடு. கட்டணமின்றி எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறவர் எதையும் இழப்பதில்லை. கடன்வாங்கிக் கட்டணம் செலுத்தியவர் பாதியில் நின்றால், கடன் அவரோடு நிற்கும். ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்பவர் உங்களிடம் புள்ளிவிவரம் கேட்கவில்லை, தம் பணத்தையும் சில ஆண்டுகளையும் இங்கே வைக்கலாமா என்று கேட்கிறார். தொலைபேசியில் ஆசிரியர் பேசுகிறார் என்பதாலேயே அவர் நம்புகிறார். விற்பனைப் பிரிவை விட்டுவிட்டு உங்களை அழைக்கச் சொல்வதும் அந்த நம்பிக்கைக்காகத்தான்.

நேரடியாக மறுத்தால் வேலைக்கு ஆபத்து என்ற உங்கள் அச்சம் நியாயமானது. தனியாக நின்று போராடுங்கள் என்று இங்கிருந்து எழுதுவது எனக்குச் சுலபம். சக ஆசிரியர்களோடு சேர்ந்து, முடிப்போர் விகிதத்தைச் சேர்க்கைக் கையேட்டிலேயே வெளியிடக் கோரி எழுத்தில் கொடுங்கள். அதுவரை அந்தக் கேள்வி வந்தால், எண் தெரிந்திருந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறும்படி கூறுங்கள். கேட்காதவரிடமும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் படிக்க வேண்டியிருக்கும், எந்தத் தேதிக்குள் விலகினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும், பட்டத்துக்கு எந்தெந்த அங்கீகாரம் உண்டு என்பவற்றை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். இவற்றைச் சொல்லக் கூடாது என்று எழுத்தில் உத்தரவிட எந்த நிர்வாகமும் துணியாது.